விட்டுப்போன இரண்டாம் அடி

உறவுக்காரர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'அந்த வீட்டு வாய்'. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. ஒரே மகளுக்குக் காது கூர்மையாக இருந்தது, வாயும் வஞ்சனை இல்லாமல் வாய்த்திருந்தது. மேசைக்கு மேலே தலை தெரியாத வயதிலேயே வீட்டுக்காரரிடம் வாடகையைத் தள்ளிப்போடச் சொல்லி வாதாடியவள் அவள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை தன்னைப் பற்றிச் சொன்ன புகாரைத் தானே அப்பாவுக்குக் கையால் சொல்ல வேண்டிய தலையெழுத்தும் அவளுக்கு இருந்தது. அந்தப் புகார்கள் வழியில் கொஞ்சம் இளைத்துத்தான் அப்பாவிடம் போய்ச் சேர்ந்தன.

அப்படித்தான் அவள் பேச்சை வெட்டக் கற்றுக்கொண்டாள். பெரியப்பா ஒருவர் இருந்தார். "இந்த ஊமைகிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது, சரி, ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு" என்பார். அவள் கை, "பெரியப்பா ஞாயித்துக்கிழமை வரச் சொல்றாங்க" என்று மட்டும் சொல்லும். மீதி அவள் வயிற்றிலேயே தங்கிவிடும். யாரும் அதைத் தவறு என்று சொல்லவில்லை. யாருக்கும் தெரியவும் தெரியாது.

வளர்ந்த பிறகு அதுவே பிழைப்பாயிற்று. நீதிமன்றம், மருத்துவமனை, பதிவு அலுவலகம் என்று காது கேளாதவர்களுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளராகப் போனாள். கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தையும் பிறந்து, மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடியில் குடியிருந்தாள். எதிர்த் தெருவில் ஒரு பைண்டிங் கடை. அதற்கு மேலே இரண்டு அறைகளில் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். இருவரும் அந்தக் கடையிலேயே உழைத்தவர்கள். மடித்த தாள்களை அம்மா ஊசி நூலால் தைப்பாள், அப்பா பசை தடவி, அட்டை ஒட்டி, ஓரம் வெட்டுவார். சைகையில் அம்மாவுக்கு ஒரு பெயர் இருந்தது. வலது கையின் இரண்டு விரல்களைச் சேர்த்து, நூலை இழுப்பதுபோல் மேலே இழுக்க வேண்டும். அந்தப் பெயர் அவர்கள் மூவருக்கு மட்டுமே தெரியும்.

அம்மா இறந்து அந்த வருஷம் முடிவதற்குள், ஒருநாள் நூலக வாசலில் அப்பா மகளின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். எபிரேயக் கவிதை எப்படிக் கட்டப்படுகிறது, ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கான மாலை வகுப்பு, எபிரேயம் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே இருந்த வரியில்தான் அப்பாவின் விரல் நின்றது: இந்தக் கவிதையில் ஒலியோடு ஒலி பொருந்துவதில்லை, கருத்தோடு கருத்து பொருந்துகிறது.

அவருக்குக் கவிதையோடு ஒரு பழைய வழக்கு உண்டு. கடைக்குக் கவிதைப் புத்தகங்கள் பைண்டிங்குக்கு வரும்போதெல்லாம், "வரியை ஏன் பாதியிலே நிறுத்துறாங்க? இவ்வளவு காகிதம் வீணாகுதே" என்று கேட்பார். வரிகள் ஒரே மாதிரி சத்தத்தில் முடியும் என்று மகள் விளக்குவாள். "அப்போ அது எனக்கில்ல" என்று சொல்லிவிட்டு ஓரம் வெட்டப் போய்விடுவார். ஆங்கிலத்தை அச்சில் மெதுவாகப் படிக்கத் தெரிந்த மனிதர். கவிதையை மட்டும் தொட்டதில்லை.

இப்போது அந்தத் தாளைத் தட்டிக் காட்டி, "இது எனக்கு" என்றார். கையால் பேசியதை எழுத்தில் பேச்சாகத்தான் எழுத முடிகிறது. அந்த ஒரு சைகையில் இருந்த வேகத்தை எழுத முடியாது.

அம்மா போன பிறகு அவர் முதன்முதலாகக் கேட்ட விஷயம் அதுதான். மகள் உடனே சம்மதித்தாள். மொழிபெயர்க்கத் தானே உட்கார்ந்தாள்.

வகுப்பு நூலகத்தின் மாடியில், ஒரு நீண்ட மரமேசையைச் சுற்றி நடந்தது. ஆசிரியைக்கு ஐம்பது வயதிருக்கும். கையிலும் புடவையிலும் மூக்கிலும் சுண்ணாம்புத் தூள். பைபிளிலிருந்து தெரிந்த பாட்டை எடுத்தால் எல்லாரும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள், ஒருவரும் பார்க்க மாட்டார்கள் என்று, உதாரண வரிகளைத் தானே எபிரேயத்தில் கட்டிக்கொண்டு வருவார். அதைப் பலகையில் வலமிருந்து இடமாக எழுதுவார். அதே வரிகளை ஆங்கிலத்தில் அச்சிட்டு ஆளுக்கொரு தாள் கொடுப்பார். சத்தத்தை நம்பின கவிதை வேறு மொழிக்குப் போனால் செத்துவிடும், இது கருத்தை நம்பினது, அதனால் ஆங்கிலத்துக்கு வந்தாலும் எலும்பு உடையாது என்பது அவர் கட்சி.

"முதல் அடியைக் கேளுங்க," என்றார். "என் வாசலில் அயலான் குரைத்தான். இப்போ ரெண்டாவது அடி. என் முற்றத்தில் பகைவன் ஊளையிட்டான்."

மருந்துக்கடை வைத்திருந்த ஒருவர் கையைத் தூக்கினார். "மேடம், என் பக்கத்து வீட்டுக்காரனை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எல்லாரும் சிரித்தார்கள். மகள் அதை அப்பாவுக்குச் சொன்னாள், அவரும் சிரித்தார். ஆனால் அந்த இரண்டு அடிகளை அவள் எப்படிச் சொன்னாள் என்றால், முதல் அடியை முழுதாகச் சொன்னாள். இரண்டாவது வந்ததும், விரலை ஒரு சுழற்று சுழற்றி 'அதேதான்' என்று காட்டிவிட்டாள். அவளுக்கு அது அப்படித்தான் கேட்டது. வேலை செய்யும் இடங்களில் மனிதர்கள் சொன்னதையே திரும்பச் சொல்லுவார்கள், நல்ல மொழிபெயர்ப்பாளர் சாரத்தைப் பிடிக்க வேண்டும் என்று நம்பியிருந்தவள். அன்றைக்கு வந்த ஒவ்வொரு ஜோடி அடிக்கும் ஒரு சுழற்று.

அடுத்த வகுப்பில் ஆசிரியை ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே வந்தார். "அயலான், பகைவன். ரெண்டாவது அடி என்ன சேர்த்தது?"

அப்பாவின் முறை வந்தது. "ஒண்ணும் சேர்க்கல," என்றார் கையால். "அதேதான்."

மகள் அதைக் குரலில் சொன்னாள். ஆசிரியை தலையை ஆட்டி, "ஆரம்பத்துல எல்லாருக்கும் அப்படித்தான் தோணும்," என்று மருந்துக்கடைக்காரரிடம் திரும்பினார்.

"வாசல்ல நின்னவன் உள்ளே வந்துட்டான்," என்றார் அவர். "குரைப்பு ஊளை ஆயிடுச்சு. தெரியாதவன் எதிரி ஆயிட்டான்."

"அவ்வளவுதான் சங்கதி!" ஆசிரியை மேசையைத் தட்டினார். "ரெண்டாவது அடி திரும்பச் சொல்ல வரல. ஒரு எட்டு உள்ளே வைக்க வருது. சில சமயம் எதிர்ப்பக்கம் திரும்பும். சில சமயம் முதல் அடியில இருக்கிற வினைச்சொல்லை விட்டுடும், நீங்களே எடுத்துப் போட்டுக்கணும். ஆனா வெறும் எதிரொலியா மட்டும் நினைச்சுடாதீங்க. பாதிக் கவிதை அங்கேதான் இருக்கு."

மகள் இதையும் சொன்னாள். அப்பா அவள் கையைப் பார்க்கவில்லை, தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, இரண்டாவது அடியில் ஒவ்வொரு சொல்லின் கீழும் மெதுவாகக் கோடு போட்டார்.

வகுப்பு முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். அவர் தாளை விரித்தார்.

"பேப்பர்ல ரெண்டு வரி இருக்கு. உன் கையில ஒண்ணுதான் வந்துச்சு."

"ரெண்டும் ஒண்ணுதாம்பா. சுருக்கிச் சொன்னேன்."

"ஒண்ணு இல்லைன்னு சொல்லித்தர்றதுக்குத்தானே அந்தம்மா தொண்டை வத்தக் கத்துறாங்க?"

அவள் சிரிக்கப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

"வேற எங்கெல்லாம் சுருக்கின?"

பேருந்து வந்து நின்றது. ஆட்கள் ஏறினார்கள். அவர் ஏறவில்லை. பேருந்து போனதும், கையைத் தாழ்வாக வைத்து, கூட்டத்தில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல் கேட்டார்.

"ஆஸ்பத்திரியில?"

பொய் சொல்ல அவளுக்கு ஒரு நொடி இருந்தது. வழக்கமாக அவள் கைகள் அந்த நொடிக்குள் வேலையை முடித்துவிடும். அன்று அவை எழவே இல்லை. அதைப் பார்த்தே அவருக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் அவள் வாயிலிருந்து, அதாவது அவள் கையிலிருந்து, வரட்டும் என்று நின்றார்.

நடந்தது இதுதான். கடைசி மாதம், வார்டுக்கு வெளியே நடைபாதையில் மருத்துவர் அவர்களை நிறுத்தினார். "இனிமே மருந்து வேலை செய்யாது," என்றார். "வேணும்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம். வலி தெரியாம பாத்துக்க நர்ஸ் வீட்டுக்கே வருவாங்க." மகள் முதல் வாக்கியத்தை அப்பாவுக்குச் சொன்னாள். அடுத்ததைச் சொல்லவில்லை. சொன்னால் அப்பா அந்தக் கணமே கட்டிலைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். அப்புறம் தூக்குவது, குளிப்பாட்டுவது, நர்ஸிடம் பேசுவது, நடுவில் தன் வேலை, குழந்தையின் பரீட்சை, எல்லாம் தன் தலையில் விழும் என்பதும் தெரியும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாளும் அதையே நினைத்தாள்.

அம்மா வார்டில்தான் இறந்தாள். வலது கையில் ஊசி ஏற்றியிருந்தது. குழாயைப் பிடுங்குகிறாள் என்று இடது கையைக் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். பார்வையாளர் நேரம் முடிந்தால் அப்பாவை வெளியே அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு அம்மாவோடு பேச அந்த வார்டில் யாரும் இல்லை. பேச அவளுக்குக் கையும் இல்லை.

எல்லாவற்றையும் மகள் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே சொன்னாள். பாதியில் அப்பா கண்களை மூடிக்கொண்டார்.

காது கேட்கிறவர்கள் கோபம் வந்தால் கத்துவார்கள், கதவை அறைந்து சாத்துவார்கள். அவரிடம் இருந்த ஒரே கதவு இமைதான். அவள் தோளைத் தொட்டாள். திறக்கவில்லை. அவள் கைகள் காற்றில் யாருக்கோ பேசிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்து அவர் அவளைப் பார்க்காமலே திரும்பி, வீடுவரை நடந்தே போனார்.

அதன் பிறகு அவள் கொண்டுபோய் வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டார். பாத்திரத்தைக் கழுவி வைத்தார். அவள் எதிரே போய் நின்றால் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். சுற்றிச் சுற்றிப் போய் நின்று பார்த்தாள். அவரும் சுற்றிச் சுற்றித் திரும்பினார். வெளியாள் யாராவது பார்த்திருந்தால் ஏதோ விளையாடுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

"விடு, கொஞ்ச நாள் போனா தானா சரியாயிடும்," என்றான் கணவன்.

"எது சரியாகும்? அம்மா எழுந்து வந்துடுவாங்களா?" என்று அவன்மேல் எரிந்து விழுந்தாள்.

வகுப்புக்கு வேறு ஆள் வேண்டும் என்று அப்பா அவள் வேலை பார்த்த மொழிபெயர்ப்பு நிறுவனத்துக்குச் செய்தி அனுப்பியிருந்தார். அங்கே பொறுப்பாக இருந்த பெண் அவளைத் தொலைபேசியில் அழைத்து, "உங்க அப்பா வேற ஆள் கேக்கறாரே, என்னங்க ஆச்சு?" என்றாள்.

"சொந்தக்காரங்க பண்ணக் கூடாதுங்கறது விதிதானே," என்று சமாளித்தாள்.

வேலையிலும் அவளுக்குப் பிடி தளர்ந்தது. எதை விடலாம், எதை விடக் கூடாது என்று தெரியாமல் போய், எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தாள். பதிவு அலுவலகத்தில் ஓர் அதிகாரி, காகிதத்தைப் புரட்டிக்கொண்டே, "எழவு, காலங்காத்தால வந்துடறானுங்க," என்று முணுமுணுத்தார். அவள் அதையும் எதிரில் இருந்த காது கேளாதவருக்குக் கையால் சொல்லிவிட்டாள். அவர் மேசைமேல் இருந்த முத்திரைக் கட்டையை எடுத்து அதிகாரிமேல் வீசினார். நிறுவனத்திலிருந்து அவளுக்குக் கண்டிப்பு வந்தது. இத்தனை வருஷமாக வெட்டியதற்கு ஒரு வார்த்தை இல்லை, வெட்டாததற்குக் கண்டிப்பு. இதைச் சொல்லிச் சிரிக்கக்கூட அவளுக்கு ஆள் இல்லை. முன்பெல்லாம் இப்படிப்பட்ட கதைகளை அப்பாவிடம்தான் சொல்லிச் சிரிப்பாள்.

வகுப்புக்குப் போவதை அவள் நிறுத்தவில்லை. பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். ஆசிரியை ஒன்றும் கேட்கவில்லை. புதிதாக வந்த மொழிபெயர்ப்பாளர் நடுத்தர வயதுப் பெண், பொறுமைசாலி. இரண்டு அடிகளையும் ஒன்று விடாமல் சொன்னாள். அப்பா அவள் கையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். மகள் பார்த்தது அப்பாவின் பிடரியை.

ஒருநாள் ஆசிரியை ஒப்பாரிக்கு வந்தார். எபிரேயத்துக்கு இருபத்திரண்டு எழுத்து. முதல் எழுத்தில் ஓர் அடியைத் தொடங்கி, வரிசை தவறாமல் கடைசி எழுத்துவரை கொண்டுபோய் அழுகிற கவிதைகள் உண்டு என்றார்.

"அப்போ கடைசி எழுத்தோட அழுகை தீர்ந்துடும்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"தீரும்னு யார் சொன்னா? ஒண்ணும் விட்டுப்போகாம அழணும், அதுதான் கணக்கு."

பிறகு ஒப்பாரியின் நடையைக் காட்டினார். சாதாரணமாக இரண்டு பாதியும் ஒரே எடையாக நிற்கும். துக்கத்தில் முதல் பாதிக்குப் பெரும்பாலும் மூன்று தட்டு, இரண்டாவதற்கு இரண்டுதான். "இன்னொண்ணு வரும்னு கால் தேடும். வராது. நொண்டும்." சொல்லிக்கொண்டே மேசையில் முட்டியால் தட்டினார். தட், தட், தட். தட், தட்.

அப்பா உள்ளங்கை இரண்டையும் மரத்தின்மேல் பரப்பி வைத்தார். திரும்பத் தட்டச் சொல்லிக் கேட்டார். ஆசிரியை தட்டினார். மறுபடியும் கேட்டார். அவர் கேட்பதை நிறுத்தும்வரை ஆசிரியையும் நிறுத்தவில்லை. அத்தனை வருஷமும் தாள் ஓரம் வெட்டிய அந்தக் கைகள் மேசைமேல் விறைத்துப்போய்க் கிடந்தன. மகள் எழுந்து வெளியே போய், படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள்.

கடைசி வகுப்பில் ஆளுக்குச் சில வரிகள் சொந்தமாகக் கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். மருந்துக்கடைக்காரர் தன் அண்டைவீட்டுக்காரரை நான்கு ஜோடி அடியில் திட்டினார், கைதட்டல் கிடைத்தது. அப்பா எழுந்தார். கையில் காகிதம் இல்லை. இரண்டு விரல்களைச் சேர்த்து மேலே இழுத்தார்.

புதிய மொழிபெயர்ப்பாளர் குழம்பினாள். "நூல் இழுக்கறாரு... தையலா? தையல்காரியா?" என்று அவரைப் பார்த்தாள். அவர் மறுபடியும் அதையே செய்தார். "மன்னிக்கணும், இது எனக்குத் தெரியல," என்றாள் ஆசிரியையிடம்.

"அவர் மகள் இங்கதானே இருக்காங்க," என்றார் ஆசிரியை.

அப்பா திரும்பவில்லை. ஆனால் தலையை லேசாக அசைத்தார். மகள் எழுந்து போய் அவருக்கு எதிரே நின்றாள். அத்தனை வாரம் கழித்து அவர் அவள் முகத்தைப் பார்த்தார். முகத்தைக்கூட அல்ல, உதடுகளை. கொஞ்சம் உதடு படிக்கத் தெரிந்தவர். அவள் சொல்கிறாளா என்று பார்க்கத்தான் பார்த்தார்.

அவர் கை அசைந்தது. அவள் குரல் கொடுத்தாள்.

"நூலம்மாவைச் சுவரோரம் கிடத்தினார்கள்;
கதவைச் சாத்தினார்கள்.
வலக்கையில் ஊசி ஏற்றினார்கள்;
இடக்கையைக் கட்டினார்கள்.
வாசலில் நான் காத்திருந்தேன்;
அறியாமல் காத்திருந்தேன்.
வீட்டுக்கு வழி இருந்தது;"

அவர் நிறுத்தினார். பிறகு இரண்டே சைகை. அறையில் எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதிய மொழிபெயர்ப்பாளருக்கு அந்தச் சைகை புரிந்திருக்க வேண்டும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மகள் மறைத்தாள்," என்று மகளே குரலில் சொன்னாள்.

அவர் காத்திருக்கவில்லை, அடுத்த அடிக்குப் போய்விட்டார். அவளும் மூச்சை இழுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

"நூலம்மாவின் விரல்கள் எதையோ சொல்லின;
யாரும் பார்க்கவில்லை."

அவர் உட்கார்ந்தார். யாரும் கை தட்டவில்லை. ஆசிரியை பலகையை அழிக்கப் போய், அழிப்பானைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கடைசியில், இதை எழுதி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"வேண்டாம்," என்றார் அப்பா. "கையிலேயே இருக்கட்டும்."

படிக்கட்டில் இறங்கும்போது அவர் நின்று, மகள் பக்கம் திரும்பினார்.

"எல்லாத்தையும் சொன்னியா?"

"எல்லாத்தையும்."

"எனக்குக் கோபம் போகல."

"தெரியும்பா."

அவ்வளவுதான். ஒரே பேருந்தில் ஏறி வெவ்வேறு இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள்.

அதற்கப்புறம் சுவர்ப்பக்கம் திரும்புவது நின்றது. தேவைக்குப் பேசினார். எபிரேய எழுத்துகளையே கற்றுக்கொள்ள அடுத்த வகுப்பிலும் சேர்ந்தார். மொழிபெயர்க்க அந்தப் புதிய பெண்ணையே கேட்டு வாங்கிக்கொண்டார். மகள் மருத்துவமனை வேலைகளுக்குப் போவதில்லை என்று நிறுவனத்தில் சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடங்களுக்கு மட்டும் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா மூன்று மாடி ஏறி அவள் வீட்டுக்கு வந்தார். மூச்சு வாங்கியது. டீ கொடுத்தாள். குடித்துவிட்டுத் தம்ளரை ஒதுக்கி வைத்தார்.

"அந்த மாசம் அங்கே உன் காதுல விழுந்ததை எல்லாம் சொல்லு," என்றார். "டாக்டர் சொன்னது, நர்ஸ் சொன்னது, பக்கத்துக் கட்டில்காரங்க பேசினது. நல்லது கெட்டது பார்க்காதே."

அவள் சொன்னாள். நினைவுக்கு வந்த எல்லாவற்றையும் சொன்னாள். வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்து சுவருக்குப் போயிற்று. பக்கத்துக் கட்டில்காரி அம்மாவை 'பாவம், பொம்மை மாதிரி' என்று சொன்னது, மருத்துவர் தொலைபேசியில் தன் மகனைத் திட்டியது, துப்புரவுத் தொழிலாளி ஒருத்தி அம்மாவின் தலையை வாரிவிட்டது. கடைசியைப் பற்றி அவர் தானே கேட்டார்.

"அவ போனப்போ கூட இருந்த நர்ஸ் என்ன சொன்னா?"

அவள் தயங்கினாள். அவர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அமைதியா போனாங்கன்னு சொன்னா."

அவர் வாய் கோணியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று மகளுக்குக்கூடத் தெரியவில்லை.

"கையைக் கட்டிப் போட்டா யாரும் அமைதியாத்தான் போவாங்க," என்றார்.

பிறகு எழுந்து, தம்ளரைக் கொண்டுபோய்த் தானே கழுவிக் கவிழ்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். அவள் மாடியிலிருந்தே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் வந்தார். அன்று அவர் எதுவும் கேட்கவில்லை, அவளும் எதுவும் சொல்லவில்லை. பேத்தியின் கிழிந்த பாடப்புத்தகத்துக்குப் பசை தடவி ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.